படிவத்தில் இல்லாத கிணறு

சுரங்க ரயில் வேலையில் பாதி, தரைக்கு மேலே வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுதான். தடுப்புத் தகரங்களைச் சுற்றிச் சுற்றி அலுவலகம் போகிறவர்களே, செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்று நீங்கள் முனகுவது என் காதிலும் விழுகிறது. மயிலாப்பூரில் ஒரே ஒரு தெருவைப் பற்றிச் சொல்கிறேன்.

பூஜ்யம்

துளைக்கும் இயந்திரம் வருவதற்கு முன், பாதையில் உள்ள வீடுகளில் கிணறோ போர்வெல்லோ இருக்கிறதா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவது என் பொறுப்பு. பழைய கிணறு தெரியாமல் போனால் மண் சரியும். மேலே உள்ள சுவரும் இறங்கும். அந்தத் தெருவில் எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரு மாடி வீட்டின் கீழே இட்லிக் கடை வைத்திருந்த சரோஜாக்காவும், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல" என்றார். மதிப்பீட்டில் கிணறு மூடும் செலவுக்குப் பூஜ்யம் போட்டோம். கூட வந்த மேற்பார்வையாளர் பஷீர் பாய் படிவங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இந்தத் தெருவுல ஒருத்தருக்குமே தாகம் எடுத்ததில்லையா?"

நுரை

மண்ணை இளக்க இயந்திரம் நுரையைப் பீய்ச்சும். தெருமுனை வீட்டில் அந்த நுரை குளியலறைத் தரையைப் பிளந்து முழங்கால் உயரம் எழும்பி நின்றது. தரை ஓட்டுக்கு அடியில் எல்லோரும் மறந்துபோன ஒரு போர்வெல் குழாய். இயந்திரத்தை நிறுத்தினோம். அது சும்மா நின்றாலும் செலவு நிற்பதில்லை. அந்த வீட்டு மாமி சண்டை போடவில்லை. எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

"இவ்வளவு நுரைக்குக் கொஞ்சம் வாசனையும் சேர்த்திருக்கப்படாதோ, ஆத்துல நாலு நாள் மணந்துண்டிருக்குமே."

அடுப்புக்குக் கீழே

நுரைச் செய்தி பரவிய அன்று மாலை, சரோஜாக்கா எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்தார். அவருடைய அடுப்புக்கு நேர் கீழே கிணறு. கல்லைப் போட்டு மூடி, மேலே தரை பூசியது. வெளியே தெரிந்தால் கடையை மூடிவிடுவார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் பயமுறுத்தி வைத்திருந்தாராம். "மாடில ரெண்டு குடும்பம் கீது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். இயந்திரம் மூன்று வீடு தள்ளி நின்றது.

மாடிக்காரர்களை லாட்ஜில் தங்கவைத்து, கடைத் தரையை உடைத்து, கிணற்றில் லாரி லாரியாகச் சிமெண்ட் கரைசல் ஊற்றினோம். ஐந்து வாரம். அதுவரை சரோஜாக்கா எங்கள் வாசலில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்றார். பிறகு இயந்திரம் வீட்டுக்கு அடியில் கடந்து போனது. சுவரில் ஒரு கீறல் இல்லை. அவர் அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்னும் எனக்குத் துணிவில்லை. கடையை மறுபடி திறந்த நாளில் நன்றி சொல்லப் போனேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு நைனா. அன்னிக்கே இன்னொரு வாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், நீதான் பேனாவ மூடிட்ட."

அடுத்த தெருவுக்கான படிவத்தில் கிணறு பற்றிய கேள்வியை இரண்டு இடத்தில் அச்சிட்டிருக்கிறோம். அந்தக் கூடுதல் தாளுக்கும் மதிப்பீட்டில் இடமில்லை.