கடித்து வைத்த துண்டுகள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில் பொய் சொல்லிப் பெயர் எடுக்க வேண்டிய தேவை எனக்கில்லை. முப்பது வருடமாக மச்சம் மாமிசம் தொடாதவன் நான். ஆனால் "அவர் ஒளிச்சு ஒளிச்சு இறைச்சி சாப்பிடுறவராம்" என்று ஸ்காபரோவில் ஒரு கதை உலாவுகிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் என் காதுபடவே சொன்னார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். பயப்பட ஆசைப்பட்டு வாசிப்பவர்கள் தாராளமாகப் பயப்படலாம். எனக்கு இதை நினைத்தால் பயத்தைவிட அருவருப்புத்தான் அதிகம்.

போன ஒக்ரோபரில், ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம். நான், மனைவி யோகமலர், மகள் கௌசி, அவள் விரும்பிய பெடியன் கஸ்பர். வேதக்காரப் பெடியன், கிறிஸ்தவன். அடுத்த மாதம் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, வைப்பதென்று பேச்சு. நான் முழுமனதாகச் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்கள் அரிசோனாப் பாலைவனத்தைப் பார்க்கப் போனார்கள். நான் கஸ்பரைப் பார்க்கப் போனேன்.

ஒருவனுடைய வளர்ப்பு அவன் சாப்பிடுகிற விதத்தில் தெரியும். என் வீட்டில் யாரும் போத்தலில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. கஸ்பர் குடித்தான். மனதில் குறித்துக்கொண்டேன்.

பாலைவனத்தை நெருங்கிய அன்று, தங்கியிருந்த இடத்துச் சிறு சமையலறையில் யோகமலர் ஆட்டிறைச்சி பிரட்டினாள். எனக்குப் பாணும் பருப்பும். பின்னேரம் வானில் போகும்போது கஸ்பர் ஓட்ட, கௌசி அவனுக்குக் கொடுப்பதற்காக இறைச்சிப் பெட்டியைத் திறந்தாள்.

"என்ன அன்ரி, கரி விழுந்து கிடக்குது?"

"விழேல்லைத் தம்பி. நான்தான் வைச்சனான். பொழுதுபட இறைச்சி கொண்டுபோனால் ஒரு கரித்துண்டு வைக்கவேணும். இல்லாட்டிப் பின்னால வரும்."

"ஆர் வாறது?"

"பேய்!" என்றாள் கௌசி. "அம்மா சீரியஸாச் சொல்லுறா."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. மூன்று தலைமுறையாகப் படித்து உத்தியோகம் பார்த்த குடும்பம். இவன் தன் வீட்டில் போய் என்ன சொல்லுவான்? பெட்டியை வாங்கினேன். நெய் வடிந்த அந்தக் கரியைக் கடதாசியால் பிடித்து எடுத்து, ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தேன்.

வான் நின்றது.

"அங்கிள், இது அவையின்ர காணி. வரேக்க போர்ட் பாத்தனாங்கள்தானே?"

பூர்வகுடி மக்களின் நிலத்துக்குள் நுழைகிறீர்கள், மதிப்போடு நடந்துகொள்ளுங்கள் என்று ஒரு பலகையைத் தாண்டித்தான் வந்திருந்தோம்.

"ஒரு கரித்துண்டுக்கு இவ்வளவோ? வானை எடும்."

அவன் கேட்கவில்லை. இறங்கித் தேடினான். வெறும் சிவப்பு மண். ஒரு புல்கூட இல்லை. கறுப்பாக எது கிடந்தாலும் தெரிந்திருக்கும்.

"காணேல்லை அங்கிள்... இப்பதானே விழுந்தது."

அன்றிரவு ஒரு சிறிய மோட்டலில் இரண்டு அறை எடுத்தோம். பெண்களுக்கு ஒன்று. எனக்கும் கஸ்பருக்கும் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னர் வேறு எந்த ஏற்பாட்டுக்கும் நான் இடம் கொடுக்க மாட்டேன். பிரிட்ஜ் எங்கள் அறையில்தான் இருந்தது. இறைச்சிப் பெட்டியை அதற்குள் வைத்தோம்.

நான் மேல்வரிசைக்குக் கட்டுப்பல் போடுகிறவன். வழக்கம்போலக் கழற்றி, குளியலறையில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

இரவு இரண்டு பத்து. சிவப்பு எழுத்து மணிக்கூடு தலைமாட்டில் இருந்தது.

நச்... நச்... நச்...

வாயை மூடாமல் மெல்லுகிற சத்தம். ஆறிப்போன கொழுப்பின் மணம் அறை முழுக்க. கஸ்பரின் கட்டில் இருட்டில் இருந்தது. அவன்தான் என்று நினைத்தேன். வேறு யார்?

அதட்டியிருப்பேன். ஆனால் பல்லில்லாத வாயோடு மருமகனாக வரப்போகிறவனிடம் பேச நான் தயாரில்லை. போர்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டேன்.

நச்... நச்...

பிறகு ஒரு சிறு சத்தம். டொக்.

தண்ணீருக்குள் ஏதோ விழுந்ததுபோல.

காலையில் கட்டுப்பல்லைப் போட்டபோது நாக்கில் எண்ணெய் ஒட்டியது. மோட்டல் தண்ணீர் சரியில்லை என்று எண்ணி வாயைக் கொப்பளித்தேன்.

யோகமலர் வந்து பெட்டியைத் திறந்தாள். "சீ!" என்றாள்.

ஒவ்வொரு துண்டும் ஒரு கடி கடிக்கப்பட்டிருந்தது. கடித்து, சப்பி, மறுபடியும் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தது. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது.

"தம்பி, உம்மட வீட்டில உப்பிடித்தானோ பழக்கினவை?" என்று கஸ்பரைக் கேட்டேன்.

கஸ்பர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனில் படம் எடுத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஓம் அங்கிள். நான்தான். பசிச்சது... மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"கஸ், நீ அப்பிடிச் செய்யமாட்டாய்!" என்று கௌசி கத்தினாள்.

"விடு கௌசி."

"எச்சில் சாப்பாட்டை என்ர மனுசிக்கும் பிள்ளைக்கும் தின்னத் தாறவனுக்கு என்ர வீட்டில இடமில்லை" என்றேன். "எழுத்துமில்லை, ஒண்டுமில்லை."

பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டோம். திரும்பும் வழியில் அடுத்த மோட்டல். கஸ்பர் தானாகவே வானில் படுக்கப் போனான். நான் அறையில் தனியாக. கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்டேன். இறைச்சி இல்லை. அவனும் இல்லை. நிம்மதியாகப் படுத்தேன்.

அன்றும் இரண்டு பத்து.

நச்... நச்...

சத்தம் குளியலறையிலிருந்து.

"கஸ்பர்?"

சத்தம் நின்றது.

அதே நேரம் வெளியே வானுக்குள் ஒருவர் இருமினார். கஸ்பரின் இருமல். ஜன்னலுக்கு அப்பால். கதவுக்கு அப்பால்.

சங்கிலி போட்டபடி இருந்தது.

நச்...

பாதி திறந்த குளியலறைக் கதவு.

இருட்டு.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்... ஈரமாக...

டொக்.

விடியும்வரை நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குவளையில் என் பல். தண்ணீர் கலங்கியிருந்தது. பல்லில்லாமல் என் மனைவி, பிள்ளைக்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியாது. கழுவினேன். போட்டுக்கொண்டேன். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ரொறன்ரோ வந்து சில நாள் கழித்து, கௌசி தன் போனை என் முன்னால் வைத்தாள். கஸ்பர் எடுத்த படம். இறைச்சியில் பல் வரிசை தெளிவாகப் பதிந்திருந்தது.

"வடிவாப் பாருங்கோ அப்பா. இடப்பக்கம் ஒரு பல்லுப் பாதிதான் இருக்கு. கஸ்பருக்கு எல்லாப் பல்லும் முழுசா இருக்கு."

என் நாக்கு தானாகவே இடப்பக்கம் போனது. கட்டுப்பல்லில், முறுக்குக் கடித்து உடைந்த பாதிப் பல்.

"நீங்கள் ஒளிச்சுத் திண்டிட்டீங்கள் எண்டு அவன் நினைச்சான். எங்களுக்கு முன்னால உங்கட மானம் போகக்கூடாதெண்டு தன்ர தலையில போட்டவன்."

கோபத்தில் அவள் இதைச் சித்தியிடமும் சொல்லிவிட்டாள். ஊரில் உலாவும் கதை அங்கேயிருந்து கிளம்பியதுதான்.

கஸ்பரைக் கூப்பிட்டேன். "தம்பி, நான் தொடேல்லை."

"ஓம் அங்கிள்" என்றான், மிகுந்த மரியாதையோடு. அவன் நம்பவில்லை. ஆனால் என் மானத்தைத் தன் மானத்துக்கு மேலாக வைத்தவனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுத்துக்கு நாள் பாருங்கோ" என்றேன்.

பயணத்திலிருந்து வந்த பிறகு கட்டுப்பல் ஆடிக்கொண்டேயிருந்தது. அஜின்கோர்ட்டில் அதைச் செய்து தந்த ஜெசிகாவிடம் போனேன். விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். இடுக்கியால் ஏதோ பிடுங்கிக் கடதாசியில் வைத்தாள். இறைச்சி நார். இரண்டு மூன்று மணல். சிவப்பு மணல்.

"அங்கிள் இப்ப மச்சம் சாப்பிடுறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

முன்பு எடுத்து வைத்திருந்த என் வாயின் அச்சில் அதைப் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

"இதை வேற ஆரும் போடுறவையோ?"

"என்ன கதை இது?"

"இல்லை அங்கிள்... உள்பக்கம் தேஞ்சு அகண்டுபோய்க் கிடக்கு. வேறை ஆற்றையோ பல்முரசில கிடந்து தேஞ்சமாதிரி. உங்கட வாயைவிடப் பெரிய வாய்."

அவளுடைய கைகழுவும் தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன்.

அது மென்ற பல்லால்தான் அத்தனை நாளும் நான் சோறு சாப்பிட்டிருக்கிறேன். அதன் எச்சிலை.

எழுத்து நடந்து முடிந்தது. அது யார், எங்கிருந்து பின்னால் வந்தது, எனக்குத் தெரியாது. அந்த நிலத்து மக்கள்மேல் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். புதுப் பல் கட்டிக்கொண்டேன். இரவில் கழற்றி வைக்க வேண்டும் என்று ஜெசிகா சொல்லியிருக்கிறாள். நான் கழற்றுவதில்லை.

சில இரவுகளில் எங்கள் குளியலறையில் வெறும் குவளை அசைகிற சத்தம் கேட்கிறது. அடியில் விரல் விட்டுத் துழாவுவதுபோல... பிறகு நிற்கும்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.