எந்த மாமா?

எண்பதுகளின் நடுவில், பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் நடந்தது இது. மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டத்துப் பெண்கள் பலர் அப்போது பாக்டரி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பள்ளி முடிந்ததிலிருந்து, ஐந்தரைக்கு பாக்டரி பஸ் அம்மாக்களை இறக்கிவிடும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியர் தேடிக்கொண்டிருந்தார். கோலசிலாங்கூரில் எங்கள் வாப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கு அவர் வாடிக்கை. கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னை அப்படித்தான் பிடித்துப் போட்டார்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. பத்துப் பன்னிரண்டு வாண்டுகள். சோறு போடுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது, சண்டையை விலக்குவது. "டீச்சர்" என்று அவர்கள் கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தலைமையாசிரியர் ரொம்பக் கண்டிப்பு. ஒவ்வொரு பிள்ளையையும் யார் யார் வந்து கூட்டிப் போகலாம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வேறு யாரோடும் அனுப்பக் கூடாது.

முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேராக 'அம்மா, மாமா' என்று இருந்தது. அம்மாவைப் பார்த்திருக்கிறேன், மாமாவைப் பார்த்ததில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் நாலு மணி இருக்கும். சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஒருவர் வந்து நின்று, பாப்பாவைக் கூட்டிப் போகிறேன் என்றார். நான் பெரிய விவரக்காரி போல, இவர் யார் என்று சிறுமியிடம் கேட்டேன். மாமா என்றாள். சொந்த மாமாவா என்று மறுபடியும் கேட்டேன்.

"எங்க மாமா லா டீச்சர்" என்று சொல்லி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நோட்டில் ஒரு சரி போட்டு அனுப்பிவைத்தேன். கால் மணி நேரம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் அதே சிறுமியின் பெயரைச் சொல்லி, நான் அவள் மாமா என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மாமா வந்து கூட்டிப் போய்விட்டாரே என்று உளறினேன். "நான்தாம்மா மாமா. எந்த மாமா வந்தாரு?" என்று கேட்டவரின் முகமும் வெளுத்துவிட்டது. மிச்சமிருந்த நான்கு பிள்ளைகளையும் கேட்டேன். நம்ம மாமா என்றார்கள் நான்கு பேரும், ஒரே குரலில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் மாமா என்றால் உம்மாவோடு கூடப்பிறந்த இரண்டு பேர்தான். கடைக்கு வருகிற மற்ற எல்லோரும் அண்ணன். தோட்டத்திலோ மீசை வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளைகளுக்கு மாமா.

வந்தவர் மோட்டார் சைக்கிளில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான மேல் லயத்துக்குப் பறந்தார். நான் நான்கு பிள்ளைகளையும் கைகோத்து இழுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு ஓடினேன். பாதையில் செம்பனைக் குலைகள் ஏற்றிய லோரிகள், ஓரத்தில் வாய்க்கால். கண்ணில் பட்டதெல்லாம் பயமாக இருந்தது. பிள்ளைகளுக்கோ அது உல்லாசப் பயணம், பாடிக்கொண்டே வந்தார்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், மாமா இந்தப் பக்கம் போனாரா என்று கேட்டேன். எந்த மாமா என்றார் அவரும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதபடியே பிள்ளைகள் பக்கம் திரும்பி, அந்த மாமா வீட்டில் என்னதான் இருக்கும் என்று கேட்டேன். ஆடு என்று கத்தினார்கள்.

"மொதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாம்ல டீச்சர்" என்றாள் அவர்களில் வாயாடியான ஒருத்தி.

லயத்துக் கோடியில் ஆட்டுக் கொட்டகை. உள்ளே நம் மகாராணி, அன்று காலையில் பிறந்த குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். தாய் ஆடு என்னை முட்ட வந்தது. புல்லுக்கட்டுக்காரர் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். ஆடு குட்டி போட்டதும் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாராம். "நீ மாமாவான்னு கேட்ட, அது ஆமான்னுச்சு. நானும் மாமாதானே" என்று அவர் பாவமாகச் சொன்னார். தேடிக்கொண்டு வந்து சேர்ந்த நிஜ மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் லயமே சிரித்தது.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் அம்மாவான தன் தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம், விடு என்றார் நிஜ மாமா. மனசு கேட்கவில்லை. பாக்டரி பஸ் வந்து நின்றதும் ஒன்று விடாமல் அந்த அம்மாவிடம் சொன்னேன். நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வராம எங்க போற? கேட்டது தப்பில்ல, பிள்ளைகிட்ட கேட்டதுதான் தப்பு. வந்த ஆளைக் கேளு. எங்கண்ணனே வந்தாலும் நிறுத்திக் கேளு. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும், கேக்குறத மட்டும் விட்டுடாத."

மறுநாளும் போனேன். நாலு மணிக்கு நிஜ மாமா வந்தார். வெட்கத்தில் காது சுட்டாலும் அவரை வாசலிலேயே நிறுத்தி, தங்கச்சி பெயர் என்ன, வீட்டு நம்பர் என்ன என்று கேட்டேன். அத்தனை பெரிய மனிதர் கைகட்டி நின்று, வகுப்புப் பிள்ளை போலப் பதில் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் ஆட்டு மாமாவும் வந்து வரிசையில் நின்றார். அன்றைக்கு அவர் கூட்டிப் போக வேண்டிய பிள்ளை யாருமே இல்லை. தன்னையும் கேட்கச் சொன்னார், கேட்டேன்.

சின்ன விஷயமென்று நினைத்து, நாலு பேர் சிரிப்பார்களே என்று வாய் வரை வந்த கேள்வியை விழுங்கப் பார்க்கும்போதெல்லாம், மகளை இறுகப் பிடித்த அந்த அம்மாவின் கை இன்றைக்கும் கண்முன் வருகிறது, உடனே கேட்டுவிடுகிறேன்.