கூவலுக்கு ஒரு மெர்சி

திருவனந்தபுரத்தில் பிடிக்காததைக் கூவித்தான் சொல்வார்கள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, 'கூ' என்று நீளமாக ஓர் ஊளை. தியேட்டரில் படம் அறுந்தால் கூவல். மேடையில் பேசுகிறவர் இழுத்தால் கூவல். நேற்றுகூட எங்கள் தெருமுனைக் கூட்டத்தில், அறுத்துத் தள்ளிய ஓர் அரசியல்வாதியைப் பார்த்து, ஆபீஸ் பையோடு நின்ற பெரிய மனிதர் ஒருவர் நிதானமாகக் கூவிவிட்டு பஸ் ஏறிப் போனார். புதுச்சேரியில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. நம் ஊரில் கூச்சலும் விசிலும் வந்தால் கொண்டாட்டம். இந்த வித்தியாசம் தெரியாமல் என் தம்பி இளங்கோ பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே ஒரு டுட்டோரியலில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்தேன். வலியசாலையில் ஒரு மாடி அறை. பின்னாலேயே கிதாரோடு இளங்கோ வந்து சேர்ந்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் தமிழில் சண்டை போட்டு, பிரெஞ்சில் பாடி வளர்ந்தவர்கள். அவன் எழுதிப் பாடினான்; நான் கீபோர்டு; பக்கத்துத் தெரு பிஜு டிரம்ஸ். பிஜுவுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் அடித்தால் மாடியே அதிரும். எங்கள் ராக் பேண்டுக்கு 'மூசோன்' என்று பெயர் வைத்தோம், பருவமழை என்று பொருள். இளங்கோ அம்மாவிடம் ஒரு வருஷம் கெடு வாங்கியிருந்தான். அதற்குள் பாட்டில் பிழைப்பு கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மாமாவின் இரும்புக் கடை.

முதல் மேடை கோவளத்தில் ஒரு ஹோட்டல். பிரான்சிலிருந்து வந்த பயணிகள் மீன் தின்றபடி தலையாட்டினார்கள். ஓர் அம்மாள் எழுந்து வந்து, "உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது பாடுங்களேன்" என்று பிரெஞ்சில் கேட்டாள். "இதுதான் மேடம் எங்கள் ஊர்ப் பாட்டு" என்றான் இளங்கோ. ஏதோ வேடிக்கை சொன்னதுபோல அவள் சிரித்தாள். இரவல் நகையோடு கல்யாணத்துக்குப் போய், நகைக்காரியிடமே மாட்டிக்கொண்ட மாதிரி எனக்குக் கூசியது.

அடுத்து ஓணம் வாரம். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மைதானம். "பிரெஞ்சோ? ஓணத்தினோ? செரி, பாடிக்கோ" என்றார் ஏற்பாட்டாளர். கெடு முடியப் போகிறது. இதை விட்டால் வேறு மேடையில்லை. எங்கள் வீட்டுக்கார மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டு முடிந்ததும் மைதானமே கூவியது. இளங்கோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒன்ஸ் மோர் கேக்கறாங்க அக்கா!" என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன். அதே பாட்டை மறுபடி பாடினோம். கூவல் இரண்டு மடங்காயிற்று. இளங்கோ நெஞ்சில் கைவைத்து, "மெர்சி! மெர்சி!" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் குனிந்து வணங்கினான். பிஜு டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். தாளத்தில் ஊறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாவது தடவை பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் பிஜு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "அண்ணா, அது சந்தோஷமில்ல. கூவலாக்கும். எறங்கிப் போன்னு சொல்றது." மாமி வேறு வந்து, "நன்னாத்தான் இருந்துது. ஏண்டி, ஒரே பாட்டுதான் தெரியுமா?" என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

இளங்கோ ஊருக்குப் போய் இரும்புக் கடையில் உட்கார்ந்தான். நான் இங்கேயே கல்யாணம் கட்டி, மலையாளத்தில் கனவு காணும் ஒரு பெண்ணுக்கு அம்மாவானேன். ஓணம் வந்தால் போனில் கேட்பான்: "அங்க இன்னும் கூவறாங்களா அக்கா?" அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

இந்த ஓணத்துக்கு அதே மைதானம். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பையன் பாடினான். சுருதி எங்கேயோ போயிற்று. மகள் கூவினாள், சுற்றியிருந்தவர்கள் கூவினார்கள். என் கைகளும் வாயருகே குவிந்திருப்பதை, என் குரல் என் காதில் விழுந்தபிறகுதான் கவனித்தேன். மேடையில் அந்தப் பையன் முகமெல்லாம் சிரிப்பாக நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். பிறகு அதே பாட்டை மறுபடி ஆரம்பித்தான்.