இடது காதும் திருவிருந்துத் தட்டும்

திருவிருந்தின் திராட்சரசம் போதகரின் வெள்ளை அங்கியில் கொட்டிய அன்றுதான் என் நோய் ஊருக்குத் தெரிந்தது. நோய் என்றல்ல, குடி என்று. மார்த்தாண்டத்துக்கு அருகே எங்கள் சபையில் நான் டீக்கன், ஆராதனையில் போதகருக்கு உதவுகிறவன். திராட்சரசக் கிண்ணங்கள் வைத்த தட்டை ஏந்திப் போகும்போது இடப்பக்கம் சரிந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் சக டீக்கன் தேவதாஸ் என் வாயருகே மூக்கை நீட்டினார்.

“மக்கா, உள்ளதச் சொல்லு. புளிச்ச அக்கானி, கள்ளு வல்லதும் குடிச்சியா?”

“குடிச்சிருந்தா நேரே நடந்திருப்பேன்” என்றேன். பகடி எடுபடவில்லை. தட்டு ஏந்த வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இடது காதில் வெகுகாலமாகவே வண்டு இரைச்சல். என் மனைவி ராகேல் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் கேட்காது. நான் நடிக்கிறேன் என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது அவளே என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் இசைக்கவையை (தட்டினால் ரீங்கரிக்கும் இரும்புக் கவை) காதருகே பிடித்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், விழப்போனவனைத் தாங்கிக்கொண்டார். செவி நரம்பில் (கேட்கவும் தள்ளாடாமல் நிற்கவும் உதவும் நரம்பு) கட்டி இருக்கலாம், பரவும் புற்று அல்ல என்றார்.

“சென்னைக்குப் போனா மண்டையத் திறந்து எடுப்பாங்க. உயிருக்கு உறுதி சொல்ல முடியாது. பிழைச்சாலும் முகம் கோணிப்போகலாம். விட்டு வச்சா மெல்ல வளரும். தள்ளாட்டம் போகாது.”

தள்ளாட்டம் போகாவிட்டால் குடிகாரன் என்ற பேரும் போகாது. மானத்துக்குப் பயந்து சென்னைக்குப் போகத் துணிந்தேன். ராகேல்தான் மறித்தாள்.

“செவி போனா போட்டு. ஊருக்காரனுக்க வாய அடைக்க உங்க முகத்தக் குடுக்கணுமா? நான் பிடிச்சிட்டு வாறேன்.”

காத்திருப்பது என்று முடிவானது. கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் எது வந்தாலும் உடனே வரச் சொன்னார் டாக்டர். இதை வாசிக்கும் உங்களுக்கு வேறு வழி சரியாகலாம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், தேவதாஸ்களிடம் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கம் புருஷன் முன்னால், பெண்சாதி பின்னால் நடப்பதுதான் வழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராகேல் என் இடது கையைப் பிடித்து, சபைக் கோயிலில் ஆண்கள் பக்கம் வரை வந்து உட்கார வைத்தாள். “அண்ணே, இப்ப மோந்து பாருங்க” என்று தேவதாஸிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் மூக்கு அதன்பிறகு என் பக்கம் வரவில்லை.

சரிவதும் இடப்பக்கம், கேளாததும் இடப்பக்கம். அவள் பேச்சு கேட்க வேண்டுமானால் நான் முகம் திருப்ப வேண்டும். நடந்தபடி திருப்பினால் தலை சுற்றும். ஆகவே நின்றுவிடுகிறேன். இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டு வந்தவளின் முகத்தை இப்போதுதான் வழியில் பார்க்கிறேன். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கோயில் மணி அடித்து வெகுநேரம் கழித்தே போய்ச் சேருகிறோம்.