மூன்றாவது அடுக்கில் வந்த செடி

அம்மாவின் கையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் துடைப்பார்களே, அந்த வாசனை. ஓசூரில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் மாலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் அவளை இறக்கிவிடும். வந்ததும் முகம் கழுவி, வெங்காயம் நறுக்கி, மீன் வாங்கிய நாளென்றால் மீனையும் ஆய்ந்து முடித்து, என் தலையைப் பின்ன உட்காருவாள். அப்போதும் அந்த விரல்களிலிருந்து முதலில் வருவது ஸ்பிரிட்தான். பள்ளிக்கூடத்தில் ஊசி போட ஆள் வந்தால் மற்ற பிள்ளைகளுக்கு அழுகை வரும், எனக்கு மட்டும் அம்மா ஞாபகம் வரும்.

அவள் வேலை பார்த்தது செடி வளர்க்கும் ஒரு 'லேப்'பில். செடி என்றதும் மண், தொட்டி, பூவாளி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே மண் என்ற பேச்சே கிடையாது. கண்ணாடி பாட்டிலுக்குள் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி, அதில் விரல்நகம் அளவுக்குச் செடிகளை நட்டிருப்பார்கள். அம்மாவும் மற்ற பெண்களும் வாய்க்கும் தலைக்கும் துணி கட்டிக்கொண்டு, கத்தியைத் தீயில் காட்டி, ஒரு செடியை நாலாக வெட்டி நாலு புது பாட்டிலில் வைக்க வேண்டும். அந்த நாலும் வளர்ந்ததும் பதினாறாக வெட்ட வேண்டும். இப்படியே வெட்டி வெட்டிப் பெருக்கி, விமானத்தில் ஏற்றிக் குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் அம்மாவின் பங்குக்கு வந்தது 'ஹூக்ரா' என்று அங்கே எல்லோரும் சொன்ன ஒரு செடி. ஆறு வருஷமாக அவள் வெட்டியது அதை மட்டும்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, வாயைத் திறந்தால் கேள்வி. "அது பூக்குமாம்மா? என்ன கலர்ல பூக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். சாதாரணக் கேள்விதான். ஆனால் அம்மா பின்னலைப் பாதியில் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள். "தெரியலயேட்டி" என்றாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் அத்தனை வருஷம் இருந்தும் அவள் பேச்சு மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். பூவெல்லாம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கையைப் பாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "ஆறு வருசமா வெட்டுதேன், அது மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாம வெட்டுதேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். என் கேள்வி அவளுக்குத் தொற்றிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அம்மா ரொம்ப நேர்மை பார்க்கிறவள். கடைக்காரர் ஒரு தக்காளியைக் கூடுதலாகப் போட்டுவிட்டால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்திவிட்டு, டிபன் கேரியரின் மூன்றாவது அடுக்கைத் திறந்து காட்டினாள். ஈரத்துணிக்குள் நாலு ஹூக்ரா. பூஞ்சை விழுந்த பாட்டில்களை ஆவியில் அவித்துக் கொட்டிவிடுவார்களாம்; அப்படி அவிக்கப் போன ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறாள். கொட்டுகிற செடியானாலும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். வாசலில் செக்யூரிட்டி பையைத் தடவிப் பார்ப்பார், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டார். "யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது, வேலை போயிரும். ஒரே ஒரு பூவப் பாத்துட்டாப் போதும்" என்றாள். எங்கள் வீட்டில் திருட்டுப்பொருள் இருக்கிறது என்ற பெருமையில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு நடந்த கூத்து எந்தத் தோட்டக்காரர் வீட்டிலும் நடந்திருக்காது. அம்மாவுக்குச் செடி என்றாலே கிருமி பயம். மண்ணை அப்படியே தொட்டியில் போட அவளுக்கு மனசு வரவில்லை. இட்லிப் பானையில் துணி விரித்து, மாவுக்குப் பதிலாக மண்ணைக் குழிகுழியாக வைத்து அரைமணி நேரம் அவித்தாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன, ராகி இட்லியா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததிலிருந்து ஒரு மாதம் அவர் இட்லியைத் தொடவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர், முழங்கை வரைக்கும் சோப்பு, மூக்கில் துணி, இத்தனையும் ஆனபிறகு நாலு பிளாஸ்டிக் டம்ளரில் நாலு செடியையும் நட்டு, ஆளுக்கொரு கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்து மூடினாள். திறக்கக்கூடாது, திறந்தால் காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும் என்றாள். கிளாஸின் உள்பக்கம் வியர்த்து வியர்த்து வழிந்தது. பத்தாம் நாள் இரண்டு செடிகள் மேல் வெள்ளைப் பூஞ்சை போர்வை போட்டிருந்தது. பொத்திப் பொத்தி வளர்த்ததில் புழுங்கியே செத்துப்போயின.

வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த எங்கள் 'லைன் வீட்டு' ஓனரம்மா ரேணுகம்மா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். பாகலூர் பக்கம் பாலித்தீன் கொட்டகை போட்டு ரோஜா வளர்த்தார்கள். கையில் கிளாஸோடு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். "ஏனம்மா இது? பச்சப்புள்ளைய டப்பாவுல போட்டு மூடுவாங்களா? செடிக்கு மூச்சு வுட வேணாமா?" என்று மீதி இருந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமலே எடுத்துப்போய், ரோஜா வரிசையின் ஓரத்தில் நட்டு, சாணிக்கரைசல் ஊற்றி, உச்சிவெயிலில் நிறுத்தினார். மூன்றே நாளில் அது அப்பளமாகப் பொரிந்துவிட்டது. "ரோஜாவுக்கு வெயிலுன்னா உசுரும்மா, இதுக்கு ஆவலயே" என்று வந்து நின்றார். மிச்சம் ஒரே ஒரு செடி.

அந்த ஒன்றுக்காக இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா சுத்தத்தில் கொஞ்சம் இறங்கி வந்தாள், ரேணுகம்மா வெயிலில் கொஞ்சம் இறங்கி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் விழுந்து மதியத்துக்கு மேல் முருங்கை நிழல் வந்துவிடுகிற இடம் முடிவாயிற்று. பழைய பெயின்ட் வாளி ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ரோஜாக் கொட்டகையிலிருந்து தேங்காய்நார்க் கழிவும் மணலும் கொண்டுவந்து மண்ணோடு கலந்தார்கள். கிளாஸைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, பத்து நாளில் முழுக்க எடுத்தார்கள். தண்ணீரை நடுக்குருத்தில் ஊற்றாமல் ஓரமாக மண்ணில் மட்டும் விடவேண்டும் என்பதும், மண் ஈரமாக இருக்கலாம், சொதசொதவென்று இருக்கக்கூடாது என்பதும் அந்த வாளியில் அவர்கள் தாங்களே தெரிந்துகொண்டவை.

செடி பிடித்துக்கொண்டது. நகம் அளவு இருந்த இலை என் உள்ளங்கை அளவு வந்தது. மேலே கருஞ்சிவப்பு, நரம்பை ஒட்டிச் சாம்பல் பூசியதுபோல ஒரு பூச்சு. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நாவல்பழம் தின்ற நாக்கு. அம்மா வேனிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கேதான் போவாள். ஆனால் பூ வரவில்லை. முதல் வருஷம் இல்லை, இரண்டாம் வருஷமும் இல்லை. குளிர்நாட்டுச் செடியாயிற்றே, ஓசூர்க் குளிர் போதவில்லை போலும் என்று அம்மாவாகவே ஒரு கணக்குப் போட்டாள். லேப்பில் அனுப்புவதற்கு முன் குளிர் அறையில் வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாம் வருஷ மார்கழி முழுக்க, ரேணுகம்மா வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து நான் தினமும் ஐஸ்கட்டி வாங்கிவந்து வாளியின் ஓரத்தில் அடுக்கினேன். "செடிக்குக் காய்ச்சலா? அப்டியே மாத்திரையும் குடுத்துருங்கோ" என்று ரேணுகம்மா கேலி செய்தார். செய்துகொண்டே ஐஸ் தட்டில் மறுபடி தண்ணீரும் நிரப்பி வைத்தார்.

அதற்கு முந்தின ஐப்பசியில் இன்னொரு கண்டம் வந்தது. செடி மண்ணைவிட்டு மேலே எழும்பி, கட்டையான கழுத்து வெளியே தெரிய, கீழ் இலைகள் காய்ந்து தொங்கின. பிடுங்கிக் கழுத்தைப் பிரித்து ஆழமாக நட்டால்தான் பிழைக்கும் என்று ரேணுகம்மா சொன்னார். அதாவது வெட்ட வேண்டும். நாளெல்லாம் அதே செடியை வெட்டுவதுதான் அம்மாவுக்கு வேலை. கத்தியை அடுப்பில் காட்டினாள், ஆறவிட்டாள், மறுபடி காட்டினாள். வெட்ட மட்டும் கை வரவில்லை. "அங்க வெட்டும்போது ஒண்ணும் தோணாது" என்றாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்து. வேரோடு மூன்று துண்டு வந்தது, மூன்றையும் இலைக்காம்பு வரைக்கும் மண்ணுக்குள் இறக்கி அதே வாளியில் வட்டமாக நட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அப்பாதான் செய்தார், உப்பு இல்லாமல்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இலைக் கொத்துக்கு நடுவிலிருந்து கம்பிபோல ஒரு காம்பு நீட்டியிருந்ததை முதலில் பார்த்தவள் நான். அடுத்த இரண்டு வாரமும் வீடே அந்தக் காம்பைச் சுற்றி நடந்தது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். மூன்று வருஷம் காத்திருந்தவள் அந்தப் பதினைந்து நாளில் என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். ஒரு மாலை அவள் வேனிலிருந்து இறங்கி வந்தபோது மொட்டு விரிந்திருந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள். அரிசிக் குருணை அளவில், வெளிறின ரோஸ் நிறத்தில், மணியைக் கவிழ்த்தமாதிரி. வாசனை கிடையாது. பக்கத்தில் முருங்கைப்பூ அதைவிட அழகாக இருந்தது.

"இம்புட்டுதானா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் வாயைக் கட்டிப் பார்த்தாள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். மூன்றாம் நாள் வேனில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்கள் வந்து பெயின்ட் வாளியைச் சுற்றி நின்றார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு. வயதில் மூத்தவரான செல்விக்கா ஒரு விரலால் பூவைத் தூக்கிப் பார்த்து, "நானும் ஒண்ணு எடுத்துட்டுப் போனன்டி, செத்துப்போச்சு" என்றார். இன்னொருத்தி தானும் என்றாள். அப்புறம் இன்னொருத்தி. மூன்று பேருமே கிளாஸைக் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள், மூன்று பேருமே திறக்கவே இல்லை. ரேணுகம்மா தலையில் அடித்துக்கொண்டார். அன்று அந்த முற்றத்தில் கிளம்பிய சிரிப்புக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் காதுக்குக் கடைசிவரை போகவில்லை.

அந்தச் செடி இன்று இல்லை. பிறகு வந்த ஒரு கோடையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோனது. லைன் வீடும் முருங்கையும் தொட்டியும் போய் அந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் குடோன் நிற்கிறது, ரேணுகம்மா மகனோடு பெங்களூரு போய்விட்டார். மணிக்கட்டு வலியில் அம்மா வேலையை விட்டும் வருஷங்களாகின்றன. அவள் கையில் இப்போது பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனைதான்.

போன மாதம் பாகலூர் சாலை நர்சரி ஒன்றுக்கு அவளைக் கூட்டிப்போனேன். நிழல்வலைக்குக் கீழே, பூத்த காம்போடு, ஒரு தொட்டியில் ஹூக்ரா. எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, இங்கேயே பக்கத்து லேப்பிலிருந்துதான் என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டோம். வண்டியில் வரும்போது, "இத வெட்டுன பிள்ள பூவப் பாத்திருக்குமாட்டி?" என்று கேட்டாள். ஃபோனில் பார்த்திருப்பார்கள் அம்மா என்றேன். அது பார்த்ததில் சேர்த்தியா என்றாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குத் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்குக் கிளம்பிவிட்டாள், நானும் கூடவே. லேப் வேன் இப்போது பஸ்ஸாகியிருக்கிறது, இறங்குகிற பெண்களில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். பக்கத்தில் வந்தபோதே அந்த ஸ்பிரிட் வாசனை. அம்மா ஒருத்தியை நிறுத்தி, இரண்டு விரலால் வெட்டிக் காட்டி, இலையைக் காட்டி, பூவைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இலையைத் திருப்பி அடிநிறத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது. குனிந்து பூவுக்குக் கிட்டே போனாள்.

"இத்னா சோட்டா?" என்றாள்.

அம்மாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அர்த்தம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமாட்டி, இம்புட்டுதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.