அடுக்கு மாறிய ஓடுகள்

அரியலூர்ப் பக்கத்தில் ஓர் ஓடைக்கரையை வெட்டி, அடுக்கடுக்காக எடுத்த களிமண் பைகளோடு நான் திருப்பூர் மண்ணரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் என் தங்கை. ஏழாவது மாதத்தில் அவளுடைய குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் காலையில் பனியன் கம்பெனிக்குப் போனால் ஒன்றரை ஷிப்டு முடித்துத்தான் வருவார்கள். பகலில் அவளைத் தனியாக விட எல்லோருக்கும் பயமாக இருந்தது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மேடத்திடம் சொல்லிவிட்டு, என்னுடைய பழைய மைக்ரோஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பி வந்தேன்.

அந்தக் களிமண்ணை ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசிக் காயவைத்தால் கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும். வெறும் கண்ணுக்கு அது ரவை. லென்சுக்குக் கீழே வைத்தால் பாதி மணல், பாதி கடல் உயிர்களின் ஓடுகள். சிலது நத்தைபோலச் சுருண்டிருக்கும். சிலது கோத்த மணிகள்போல நீண்டிருக்கும். இன்று அந்த ஓடையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துப் போக வேண்டும். அந்த ஓடுகள் உயிரோடு இருந்த காலத்தில் அங்கே கடல்தான் இருந்தது. ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வோர் ஓட்டையும் தொட்டெடுத்து, இனம் கண்டு, எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி ஒட்டிய சிறு குப்பியில் போட வேண்டும். என் வேலை அதுதான்.

எங்கள் வீடு அதற்கு ஏற்ற இடமில்லை. பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடும்போது தட்டில் இருந்த ஓடுகள் மெல்ல நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். வேஸ்ட் துணியை நாலாக மடித்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். காற்றில் வரும் பஞ்சுத் தூசியை ஒன்றும் செய்ய முடியவில்லை. லென்சில் பார்த்தால் ஓடுகளுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாக நூல் துணுக்குகள் கயிறு கயிறாகக் கிடக்கும்.

தங்கை பெரும்பாலும் சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தாள். ஒருநாள் தானாக எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னக்கா அது, ரவையாட்டம்?"

லென்சைக் காட்டினேன். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலையில் இருந்தவள் அவள். மணலிலிருந்து ஓடுகளைப் பிரிக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகச் செய்தாள். அதன்பிறகு காலையில் உட்கார்ந்தால் அம்மா வரும்வரை எழுந்திருப்பதில்லை.

"கையில ஒரு வேலை இருந்தாப் போதுங் கண்ணு, மனசு தானா ஆறும்" என்று அம்மா என்னிடம் சொன்னார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் பேச்சு இன்னும் குறைந்திருந்தது. தட்டில் போட்ட சோறு காய்ந்துகொண்டிருக்கும். லென்சிலிருந்து கண்ணை எடுத்தால் எங்கள் யாரையும் அது பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஒருநாள் திடீரென்று கேட்டாள். "இதெல்லாம் குட்டியிலேயே செத்ததாக்கா?"

"இல்லடி. நிறையப் பெரிசுதான். அதோட முழு வளர்த்தியே இத்தனைதான்."

"அப்ப இது?" தூரிகை நுனியில் ஒரு புள்ளியை எடுத்துக் காட்டினாள்.

"அது குட்டி. ஓடு அறை அறையாத்தான் வளரும், இதுல ரெண்டு மூணு அறைதான் இருக்குது பாரு. இந்த வளர்த்தியில எந்த இனம்னு சொல்ல முடியாது. பேரு வைக்க முடியாததைத் தனியாப் போட்டு வை."

நான் அடுத்த அடுக்கின் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் புள்ளியை மறுபடியும் லென்சுக்குக் கீழே வைத்துக் குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவர் வருவார். சாயப்பட்டறையில் வேலை; எத்தனை கழுவினாலும் விரல் நகங்களில் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அப்பாவோடு உட்கார்ந்து ஆர்டர் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசுவார். பிறகு அறைவாசலில் வந்து நிற்பார். "வேலை இருக்குதுங்க" என்று அவள் நிமிராமலே சொல்வாள். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "நல்லாச் சாப்பிடறாளுங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

மழைக்காலம் முடியும்போது மேடம் கணக்கை அனுப்பச் சொன்னார். ஒவ்வோர் அடுக்கிலும் வளர்ந்தது எத்தனை, குட்டியிலேயே இறந்தது எத்தனை என்பதுதான் என் ஆராய்ச்சியின் கேள்வியே. கடலில் பிராணவாயு குறைந்த காலங்களில் குட்டிகள் அதிகமாகச் செத்திருக்குமா என்று பார்க்க வேண்டும். இதை நான் தங்கையிடம் சொன்னதில்லை. அவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று விட்டிருந்தேன்.

குட்டிகளைப் போட்டு வைத்திருந்த குப்பிகளை எடுத்தேன். முதல் குப்பி காலி. அடுத்ததும் காலி. சீட்டு ஒட்டியபடி, மூடி இறுக்கியபடி எல்லாமே காலியாக இருந்தன.

"குட்டியெல்லாம் எங்கடி?"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஓர் எவர்சில்வர் குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள். திறந்தேன். எல்லா அடுக்குகளின் குட்டிகளும் ஒன்றாகக் கலந்து, வெள்ளைப் பொடியாக அடியில் கிடந்தன.

"பேரு இல்லாததுன்னு நீ ஒதுக்கினது தானேக்கா. எதுக்குத் தனித்தனியாக் கெடக்கணும்? அதான் ஒண்ணா வெச்சேன்."

ஓர் ஓடு அடுக்கிலிருந்து வெளியே வந்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று எந்த லென்சாலும் கண்டுபிடிக்க முடியாது. கத்தினேன். என் படிப்பே போச்சு என்று சொன்னேன். உனக்குப் பைத்தியமா என்றும் கேட்டேன். பக்கத்து மெஷின் சத்தத்தையும் மீறி என் குரல் எனக்கே கேட்டது.

அவள் முகம் கோணியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், தரையில் உட்கார்ந்து அலற ஆரம்பித்தாள்.

"எம் புள்ளைய எங்கண்ணுல காட்டவே இல்லையேக்கா! துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொண்ணா பையனான்னு கூட ஒருத்தரும் சொல்லலையே!"

பார்த்தால் மனதில் தங்கிவிடும், பேசினால் ஆறாது என்று பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. எனக்கும் அது தெரியும். நானும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணுடி" என்றேன்.

அழுகை நின்றது. என்னையே பார்த்தாள். "எங்க வெச்சிருக்காங்க?"

அது எனக்குத் தெரியவில்லை. அவள் கணவருக்குப் போன் போட்டேன்.

வேலை உடுப்போடு அப்படியே வந்தார். அதற்குள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அவள் கேட்டதும் அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மடத்துக்குளத்துல, நம்ம தோப்போரம். நாந்தான் குழி வெட்டினேன். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்." நகத்தில் இருந்த சாயத்தைச் சுரண்டினார். "மூக்கு உன்ற மாதிரியே இருந்துச்சு."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா, "நாங்க நல்லதுக்குத்தான் சாமி..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். தங்கை யாரையும் திட்டவில்லை. தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகும்படி மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். உடுமலை தாண்டியதும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். மடத்துக்குளம் வீட்டில் அவள் மாமியார் கதவருகே நின்றார். வாங்க என்று சொன்னவர், தோப்புக்கு வரவில்லை.

வாய்க்கால் ஓரமாக அவள் கணவர் முன்னால் நடந்தார். ஓர் இடத்தில் நின்று, "இங்கதான்" என்றார். சுற்றிலும் பார்த்தார். மழைக்குப் பிறகு புல் முட்டளவு வளர்ந்திருந்தது. யாரோ புதிதாகத் தென்னங்கன்றுகளுக்குக் குழி எடுத்து, மண்ணை நாலாபக்கமும் இறைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தார். "இல்ல, இங்க... அந்தக் கல்லு இருந்துச்சே." திரும்பி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அன்னிக்குக் கண்ணே தெரியலைங்க. அடையாளம் வைக்கணும்னு தோணல" என்றார், அவளிடம் இல்லை, என்னிடம்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் காட்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவில் போய்ப் புல்லின் மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். அவரும் போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நான் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றேன். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டது கேட்டது, என்னவென்று கேட்கவில்லை. கிளம்பும்போது அவள் சேலையெல்லாம் மண்.

மேடத்திடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். போனிலேயே, "மீதிக் களிமண் இருக்கா?" என்று கேட்டார். பெரும்பாலான அடுக்குகளுக்கு இருந்தது. இரண்டு அடுக்குகளுக்கு மொத்தத்தையும் கரைத்துவிட்டிருந்தேன். ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் அலசி, மறுபடியும் எண்ணினேன். அந்த இரண்டு அடுக்குகளின் இடம் என் வரைபடத்தில் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆய்வுக்குழுக் கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். மாதிரி கலந்துவிட்டது என்று சொன்னேன்.

தங்கை மடத்துக்குளத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இருவரும் திருப்பூரிலேயே ஒரு லைன் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் மறுபடி செக்கிங்குக்குப் போகிறாள். மாமியாரோடு பேசுவதில்லை. அம்மாவிடம் பேசுகிறாள், ஆனால் எண்ணி எண்ணி.

போன வாரம் எனக்குப் போன் செய்தாள். கம்பெனி இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, நாள் தள்ளிப் போயிருக்குது. அவருக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லல."

எனக்குச் சட்டென்று சந்தோஷம் வரவில்லை. "பயமா இருக்குதாடி?" என்றேன்.

"இருக்குது. தூங்கறதே இல்ல."

"நான் வரட்டுமா?"

"வாக்கா. ஆனா சரியாப் போயிரும்னு மட்டும் சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்றேன். மேடத்திடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் திருப்பூர் பஸ் ஏறினேன்.