கல்கத்தா டீமுக்குக் கத்திய கருப்பையா

கருப்பையா போய்விட்டான். இன்று காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில்...

உத்தரகோசமங்கை போகிற ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தானே, அவன்தான். எனக்கு மாப்பிள்ளை முறை. என்னைவிட இளையவன். நியாயமாக நான் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்.

துக்க வீட்டில் எல்லாரும் நல்ல மனுசன், நல்ல மனுசன் என்கிறார்கள். அவன் ஃபுட்பால் பார்த்ததைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க கிரிக்கெட். நம் நாட்டு ஃபுட்பால் லீக்கை சீசன் தவறாமல் பார்த்தது நாங்கள் இரண்டே பேர். வெளிநாட்டு மேட்ச் பார்க்கிற பையன்கள் உண்டு. அவர்களுக்கு நம் லீக் என்றால் இளக்காரம். "பெருசு, இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்பார்கள்.

ஏன், நம் ஆள் உதைத்தால் பந்து உருளாதா?

நான் எட்டாவது தாண்டாதவன். ஆப்சைடு ரூலை நானே பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டு கருப்பையாவுக்குச் சொன்னேன். அவன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவன் டீம் கோல் போட்டால் அது ஆப்சைடு ஆகாது, அவ்வளவுதான் அவனுக்கு ரூல்.

நான் சென்னை. அவன் கல்கத்தா.

"ஏலே, ராம்நாட்டுக்காரனுக்குக் கல்கத்தா எதுக்குடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சென்னைக்காரன் மட்டும் எனக்கு மாமனா மச்சினனா? ஒங்கள மாதிரி தோக்குறவனக் கட்டிக்கிட்டு அழுகச் சொல்றீகளா மச்சான்?"

கல்கத்தா கோல் போட்டால் கத்திக்கொண்டே பக்கத்தில் இருக்கிற தவிட்டு மூட்டையில் ஓங்கி அறைவான். கடை முழுக்கப் புகை மாதிரி தவிடு பறக்கும். அந்தத் தூசியில் கடை டிவியில் ஓடுகிற ரீப்ளே என் கண்ணுக்குத் தெரியாது...

கடை வாசலில் விலை எழுதுகிற போர்டு ஒன்று இருந்தது. பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு. அதற்குக் கீழேயே லீக்கின் பாயிண்ட்ஸ் டேபிளையும் எழுதிவிடுவான். ஒரு தடவை சாயல்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் அந்த போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா, இந்தக் கோவா என்ன, புதுசா வந்த தீவனமா? சல்லிசா இருக்கே. ஒரு மூட்டை போடு."

கருப்பையா சிரிக்கவே இல்லை. "வேணாம்யா. அது நல்லா ஓடும், பாலு தராது."

இந்த சீசன்... எழுதும்போதே வயிறு எரிகிறது.

வழக்கமாகப் புரட்டாசியில் ஆரம்பித்துவிடும். இந்த முறை ஐப்பசி போனது, கார்த்திகை போனது, தேதியைக் காணோம். லீக் நடக்குமா நடக்காதா என்றே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஏதோ கான்ட்ராக்ட் பிரச்சினையாம். மேலே இருக்கிறவர்களுக்கு அது வெறும் பேப்பர். கருப்பையாவுக்கு?

அதே மாதங்களில்தான் அவனுக்குக் கல்லீரல் கெட்டது. ஒரு நாளும் குடிக்காதவன். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "தேதி சொல்லிட்டாங்களா மச்சான்?"

தை பிறந்ததும் சோறு இறங்கவில்லை. உயிர் மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. அப்படிக் கிடந்தால் எங்கள் பக்கம் மண்ணாசை என்பார்கள். சொந்த வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாய் விட்டால், ஆசை அடங்கி நிம்மதியாகப் போய்விடுவார்களாம். அவன் அண்ணன் ஒரு செம்பில் கரைத்தே கொண்டுவந்துவிட்டார்.

நான் விடவில்லை.

"தள்ளு மாப்ள. அவன் உசுரு வயக்காட்டுல நிக்குது."

"வயக்காட்டுல இல்ல மச்சான், ஃபுட்பால்ல நிக்குது."

"சாகக் கெடக்குறவங்கிட்ட என்னய்யா வெளாட்டு?"

"வெளாட்டுதான். தேதி வரட்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

பெரிய சண்டை. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். நான் கட்டிலை ஒட்டி சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவன் மனைவி பஞ்சவர்ணம்தான் செம்பை வாங்கிக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கொட்டினாள்.

"அண்ணே சொல்றதுதான் சரி. தூக்கத்துலயும் அந்தத் தேதியத்தான் கேக்குறாக."

போன வாரம் தேதி வந்தது. ஓடிப்போய்க் காதில் சொன்னேன். கண்ணைத் திறந்தான்.

"மொத மேட்ச்சு?"

"ஒன் கல்கத்தாதான்லே. கேரளாவோட." கோபம் தாங்காமல் அதையும் சொன்னேன்... "ஆனா பாதி சீசன்தானாம். ஒரு டீமோட ஒரு தடவதான் ஆடுவாங்களாம்."

"பாதியாச்சும் நடக்குதுல்ல மச்சான்..."

என்னிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அது.

இன்று காலை தானாகவே போய்விட்டான். யாரும் எதையும் கரைத்து ஊற்றவில்லை.

பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சொன்னாள். "நடக்கும்னு தெரிஞ்சாப் போதும்னு கெடந்துருக்காக அண்ணே. தெரிஞ்சுச்சு, போயிட்டாக."

அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்தால் போதுமா? பார்க்க வேண்டாமா? வழக்கம்போல ஆரம்பித்திருந்தால் இந்நேரம் பாதி சீசனை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பானே. இதை நான் எந்த ஆபீஸில் போய்க் கேட்பது...

சாயங்காலம் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

இன்று வியாழக்கிழமை. முதல் மேட்ச் சனிக்கிழமை.

ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மாப்ள...

சரி. போய் வா.